சாமிக்குப் பூட்ஸ் மாட்டிய கதை

வெல்டிங் பயிற்றுநராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வெல்டிங்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. கரண்ட் எவ்வளவு வைக்க வேண்டும், ராடை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாமலேயே இந்த வேலையைக் கொடுத்திருந்தால், அது கொடுத்தவர்கள் தலையெழுத்து. நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் பாதுகாப்பு விதிகள் என்று ஒரு பக்கம் வரும். அதைப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது ரொம்பச் சுலபம். அதே விதியை ஒரு மனிதனின் காலில் மாட்டிவிடுவது இருக்கிறதே, அப்பப்பா, அதில் எனக்குப் பாதி முடி கொட்டிப்போனது.

நான் வேலை பார்த்தது திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் இருந்த ஒரு தொழிற்பயிற்சி மையத்தில். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. பையன்கள் எனக்கு 'சைரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம். ஆனால் வெல்டிங் ஷெட்டில் கத்தாமல் எப்படி வேலை பார்ப்பது? ஒருவன் முகத்தை மாஸ்க்கால் மூடிக்கொண்டு நெருப்பையே பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் இன்னொருவன் கிரைண்டரை ஓட்டிக்கொண்டிருப்பான். அங்கே போய் "தம்பி, கொஞ்சம் கவனி" என்று மென்மையாகச் சொன்னால் யாருக்குக் கேட்கும்? "டேய்!" என்று ஒரு போடு போட்டால்தான் தலை திரும்பும். என் சத்தத்தால் ஒருவனும் கெட்டுப்போகவில்லை. திட்டு வாங்கியவன் எல்லாம் இன்றைக்கும் இரண்டு கண்ணோடும் பத்து விரலோடும் இருக்கிறான்.

ஆனால் வருஷத்தில் ஒரு மாதம் அந்தச் சத்தம் செல்லாது. அதுதான் கார்த்திகை. மாதம் பிறந்த அன்று காலையிலேயே பயிற்சிக்கு வருகிறவர்களில் நான்கைந்து பேர் கருப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசி மாலை, வெறுங்கால் என்று வந்து நிற்பார்கள். சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் நேற்று வரை "டேய்" என்று நான் கூப்பிட்டவன் இன்றைக்குச் "சாமி" ஆகிவிடுவான். அவனும் என்னைச் "சாமி" என்பான். சாமியை யாராவது திட்டுவார்களா? வாய் வராது. இதில் பெரிய தொல்லை என்னவென்றால், "சாமி, அந்தச் சுத்தியலை எடு" என்றால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நானும் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவன்தான். ஆனால் ஷெட்டு வாசலில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டிருந்தோம். தோல் பூட்ஸ் இல்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. உருகிய இரும்பு பொறியாகக் காலில் விழுந்தால் சதையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அது போதாதென்று கார்த்திகை எங்கள் ஊரில் மழை மாதம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கரண்ட் ஓடும் வெல்டிங் ஹோல்டரைப் பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மாலை போட்டவர்கள் அந்த மாதம் வகுப்பில் உட்கார்ந்து வரைபடம் போடுவார்கள், பாடம் படிப்பார்கள். நான் வந்த நாளாக நடந்த ஏற்பாடு அது. பலர் மாலை போட்டுவிட்ட குருசாமியிடம் கேட்டு, வேலை நேரத்துக்கு மட்டும் பூட்ஸ் போட்டுக்கொள்வதும் உண்டு.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு வருஷம் ஏழுமலை மாலை போட்டான்.

ஏழுமலை அடி அண்ணாமலையைச் சேர்ந்தவன். கொஞ்சம் நிலமும் இரண்டு மாடுகளும் உள்ள குடும்பம். அப்பா இல்லை. அம்மா, ஒரு அக்கா, இவன். அக்காவைப் போளூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பையனுக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கும். அவன் கை இருக்கிறதே, ஆஹா! தட்டையாக வைத்த தகட்டில் யார் வேண்டுமானாலும் ஒழுங்காகக் கோடு இழுத்துவிடலாம். நிமிர்த்தி வைத்த தகட்டில் கீழிருந்து மேலே ஏற்றும்போதுதான் ஆளின் லட்சணம் தெரியும். உருகியது வழிந்து கொட்டாமல் அடுக்கடுக்காக ஏற்றுவான் அவன். என் ஆயுளில் அப்படிப்பட்ட கையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பார்த்து, மெட்ராஸ் பக்கமிருந்து ஒரு தொழிற்சாலைக்காரர்கள் அப்ரண்டிஸ் ஆள் எடுக்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். கார்த்திகை தீபம் முடிந்த அடுத்த வாரம் தேர்வு. நிமிர்த்தி வைத்த தகட்டில்தான் சோதனை. ஏழுமலைக்கென்றே வைத்த மாதிரி இருந்தது. நான் அவனைக் கூப்பிட்டு, "சாமி, குருசாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு பூட்ஸ் போட்டுக்கோ. நாளையிலேர்ந்து பிராக்டிஸ் பண்ணு" என்றேன்.

"கேட்டேன் சாமி. வேல செய்யற எடத்துல போட்டுக்கலாம், குத்தமில்லன்னுதான் சொன்னாரு."

"அப்புறம் இன்னா?"

"நான்தான் மாட்டேன்னேன் சாமி. நான் வேண்டிகினது அப்படி. ஒரு மண்டலம் முழுக்க கால்ல எதையும் போடறதில்லன்னு வாய்விட்டு சொல்லிட்டேன்."

"எதுக்கு அப்படி வேண்டிகின?"

தலையைக் குனிந்துகொண்டான். சாமியை எப்படிக் குடைவது? "அப்போ வகுப்புல உக்காந்து படம் போடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என்னோடு இன்னொரு பயிற்றுநர் இருந்தார். என்னைவிட இளையவர், தங்கமான மனிதர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஏழுமலை அவரிடம் போய்க் கெஞ்சியிருக்கிறான். மரப்பலகை மேல் நின்றுகொள்கிறேன், கீழே காலே வைக்க மாட்டேன் என்றிருக்கிறான். தேர்வு நெருங்குகிறது, கேட்பது சாமி, இவருக்கு மனசு கேட்கவில்லை. விட்டுவிட்டார். நான் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டு வரும் நேரத்தில் இது சில நாளாக நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போக முடியாது என்று எதிர்க் கடையில் இரண்டு வடையைத் தின்றுவிட்டு முன்னதாகவே திரும்பினேன். ஷெட்டுக்குள் நெருப்பு வெளிச்சம் பளிச் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஏழுமலை. தலையில் மாஸ்க், கையில் உறை, கழுத்தில் மாலை, கீழே வெறுங்கால். ஒரு பலகை மேல் நின்று நிமிர்த்திய தகட்டில் ராடு வைத்துக்கொண்டிருந்தான். கூரையில் எங்கேயோ ஒழுகி, தரையில் தண்ணீர் தேங்கி, அது மெல்ல நகர்ந்து அவன் பலகையைச் சுற்றி வந்துவிட்டிருந்தது. மாஸ்க்குக்குள் இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

அந்த இளைய பயிற்றுநரும் அப்போதுதான் பார்த்திருக்கிறார். முகம் வெளுத்துப்போய், "சாமி... சாமி..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் எனக்கே கேட்கவில்லை, உதடு அசைந்ததுதான் தெரிந்தது. சாமியை அதட்டிக் கூப்பிட அவருக்கு அந்த நேரத்திலும் வாய் வரவில்லை.

எனக்கு வாய் வரும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கத்தினால் அவன் என்ன செய்வான் என்று ஒரு நொடி யோசித்தேன். என் குரலைக் கேட்டு நடுங்காதவன் அந்த மையத்தில் கிடையாது. அதுவும் திருட்டுத்தனமாக உள்ளே நிற்கிறான். கத்திய மறு நொடி பதறி இறங்குவான். இறங்கினால் தண்ணீர். கையில் கரண்ட் ஓடும் ஹோல்டர்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த இளைய பயிற்றுநர் தோளைத் தொட்டு, சும்மா இருங்கள் என்று கை காட்டினேன். மெயின் சுவிட்ச் எதிர்ச் சுவரில். நேராகப் போய், அவன் மாஸ்க்கைத் தூக்கினால் கண்ணில் படுவேன் என்று சுவரோரமாகவே தண்ணீரில் நடந்தேன். என் காலில் பூட்ஸ் இருந்ததால் நடந்தேன், இல்லாவிட்டால் நானும் அங்கே நிற்க வேண்டியவன்தான். அந்தப் பத்தடி தூரம் மலை சுற்றும் பாதையைவிட நீளமாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். நெருப்பு அணைந்தது.

ஏழுமலை மாஸ்க்கைத் தூக்கினான். என்னைப் பார்க்கவில்லை.

"கரண்ட் போயிடுச்சா சாமி?" என்று கேட்டுக்கொண்டே, ஹோல்டரைக் கையில் பிடித்தபடி பலகையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கினான்.

ஒரு நொடி முன்னால் அந்தக் கால் இறங்கியிருந்தால் அவன் கதை முடிந்திருக்கும். அப்புறம் வந்தது பாருங்கள் கோபம்!

"டேய் ஏழுமலை! எமன் வாசல்ல நின்னுகினு கரண்ட் போச்சான்னு கேக்கறியா நீ? கீழ பார்ரா!"

கீழே பார்த்தான். கையிலிருந்த ஹோல்டரைப் பார்த்தான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான். அடிக்கக் கை ஓங்கினேன். மாலை கண்ணில் பட்டது, கையை இறக்கிக்கொண்டேன்.

விஷயம் மேலாளர் காதுக்குப் போனது. அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "மாலைய கழட்டச் சொல்லுங்க, இல்ல பேர எடுத்துடுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா யார் பதில் சொல்றது?" அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த இளைய பயிற்றுநர் மட்டும் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். "சாமியாச்சேன்னு விட்டுட்டேன் சார்" என்றார். அவரை நான் திட்டவில்லை. நல்ல மனசு தப்பான இடத்தில் பேசாமல் இருந்துவிட்டது, அவ்வளவுதான். நீங்களும் இருப்பீர்கள். மரியாதை வேறு, கண்டிப்பு வேறு என்று நாம் நினைக்கிறோம். ஆபத்துக்கு முன்னால் ஒருவனை நிறுத்துவதுதான் அவனுக்குச் செய்கிற பெரிய மரியாதை.

ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இந்தத் தடவை சாமி பூதம் என்று பார்க்கவில்லை. "சொல்லு, எதுக்கு இந்த வேண்டுதல்?" என்றேன்.

"அக்காவுக்கு சார்" என்றான். அதுவரைக்கும் இருந்த "சாமி" போய் "சார்" வந்துவிட்டது. "ரெண்டு தபா கலஞ்சி போச்சி. இப்போ மூணாவது. அஞ்சாம் மாசம். நம்ம ஊட்டுக்குத்தான் கூட்டியாந்து வெச்சிருக்கோம். அவ மாமியார் ஊட்டுல பேசற பேச்சு தாங்கல சார்."

வேலை போகும் என்றால் பயப்பட மாட்டான், உயிர் போகும் என்றாலும் பயப்பட மாட்டான். அவன் பயம் இன்னொரு உயிரைப் பற்றியது. என் கையில் இருந்த விதிப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

மறுநாள் சாயங்காலம் என் மொபெட்டை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். கரண்ட் எப்படிப் பாயும், ஈரத் தோல் எவ்வளவு தாங்கும் என்று வழியெல்லாம் மனசுக்குள் பாடம் ஒப்பித்துக்கொண்டே போனேன். வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிட்டது. அம்மா டீ போட்டுக் கொண்டுவந்தார். அக்கா சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை கதவோரம் நின்றான். வெல்டிங் ஷெட்டில் நடந்ததை அவன் வீட்டில் சொல்லவே இல்லை. நான் சொன்னேன்.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "நீங்க சொல்றது புரியுது சார். ஆனா சாமி காரியம். பாதியில விட்டு நாளைக்கி ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிடுச்சின்னா?" என்றார்.

"ஏம்மா, இது ஒண்ணுகெடக்க ஒண்ணு இல்லியா?" என்றாள் அக்கா. அவள் குரல் உயரவில்லை. தம்பி பக்கம் திரும்பினாள். "எனக்காக வேண்டிகினியே, என்ன ஒரு வார்த்த கேட்டியாடா? எம்புள்ளைக்கி தாய்மாமன் வேணாமா? நீ பாட்டுக்கு போய்ச் சேந்துட்டா, பொறக்கறத நான் யார் மடியில உக்கார வெச்சி காது குத்தறது?"

ஏழுமலை அழுதுவிட்டான். பெரிய பையன், தாடியும் மாலையுமாக நின்று குழந்தை மாதிரி அழுதான். "எனக்கு தெரியிது அக்கா. ஆனா சொன்ன வாக்க நான் மீறி, அதுக்கப்புறம் உனக்கு எதுனா ஆச்சின்னா, நான் எப்படி உன் மூஞ்சில முழிப்பேன்? வாழ்நாள் முழுக்க அது என்னாலதான்னு இருக்கும்."

அதற்கு யார் என்ன சொல்ல முடியும்? அப்படியெல்லாம் ஆகாது என்று சொல்ல நான் யார்? இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். வந்தால் அவன் மாலையையும் கழட்ட மாட்டான், படிப்பையும் விட்டுவிடுவான். எங்கேயாவது ரோட்டோரப் பட்டறையில் வெறுங்காலோடு ராடு பிடிப்பான். அங்கே கரண்டை அணைக்க யாரும் ஓடி வர மாட்டார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்து என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஏழுமலை, இப்படிச் செய்வோம். ஷெட்டுக்குள்ள இருக்கற நேரம் நீ பூட்ஸ் போடு. அந்த வெறுங்கால நான் எடுத்துக்கறேன். ஷெட்டுக்கு வெளிய நான் செருப்பு போடறதில்ல. உங்க அக்காவுக்கு நல்லபடியா கொழந்த பொறக்கற வரைக்கும். கொற இன்னா வந்தாலும் அது என் கணக்கு, உன்னுது இல்ல. நான் சொல்லி நீ போட்ட. சாமிக்கு அது தெரியும்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எதுக்கு சார்..." என்று ஆரம்பித்தார்.

"போட்டுக்கச் சொல்றவன் நான்தானேம்மா" என்றேன்.

ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். வெளியே வந்து செருப்பைக் கழட்டி மொபெட் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் மஞ்சள் கோட்டுக்கு முன்னால் நின்று, சாமியே சரணம் என்று ஒரு தரம் சொல்லிவிட்டு ஏழுமலை பூட்ஸ் மாட்டினான். மேலாளரிடம் காட்டினேன். அவன் பேரை எடுக்கும் பேச்சை அவர் அதோடு விட்டுவிட்டார். மற்ற சாமிகளும் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள்.

என் நிலைமைதான் கேட்க வேண்டாம். திருவண்ணாமலை ரோட்டில் வெறுங்காலோடு நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அது ஒரு வசதி. ஆனால் தீபம் முடிந்தும், மார்கழி போயும், தை பிறந்தும் நான் அப்படியே திரிந்தால் கேட்க மாட்டார்களா? கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜல்லி கொட்டியிருந்த வழியில் நடக்கும்போது உயிர் போகும். என் மனைவி காலிலிருந்து முள் எடுத்துக்கொண்டே, "ஏங்க, ஊர்ல இருக்கற புள்ளத்தாச்சிக்கெல்லாம் நீங்கதான் நேந்துக்கணுமா? நான் மாசமா இருந்தப்ப ஒரு வேள செருப்ப கழட்டினீங்களா?" என்று கேட்டாள். நான் அடுத்த காலை நீட்டினேன்.

ஏழுமலை தேர்வில் நன்றாகவே செய்தான். எடுத்துக்கொண்டார்கள், மாசியில் வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சபரிமலைக்குப் போய்வந்து மாலையையும் இறக்கிவிட்டான். அவன் வேண்டுதல் முடிந்தது, என்னுடையது முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் அக்கா எப்படி இருக்கிறாள் என்று அவனைக் கேட்பேன்.

உங்களிடம் மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தை தங்கியிருக்காவிட்டாலும் அவன் பூட்ஸ் போட்டது சரிதான். இரும்புக்கும் கரண்டுக்கும் நம் வேண்டுதல் தெரியாது. ஆனால் அதை அவனிடம் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் இருந்திருக்காது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். ஒருவன் விதியை மீறுகிறான் என்றால், திமிர் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். அவன் எதற்கோ பயந்து நிற்கிறான். அது என்னவென்று கேளுங்கள். கேட்ட பிறகும் விதியை ஒரு இம்மி தளர்த்தாதீர்கள். ஆனால் அவன் பாரத்தில் ஒரு கை பிடிக்க முடியுமா என்று பாருங்கள். கண்டிப்பு அப்போதுதான் காதில் ஏறும்.

மாசியில் அவன் மெட்ராஸுக்குப் போய்ச் சேர்ந்தான். பங்குனி வெயிலில் ரோடு கொதிக்க ஆரம்பித்தது. வீட்டிலிருந்து ஷெட்டுக்கு வருவதற்குள் பாதம் பொசுங்கிப்போகும். வாசலில் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டுதான் பூட்ஸுக்குள் காலை விடுவேன்.

அப்படி ஒருநாள் ஷெட்டுக்குள் நாங்கள் எல்லோரும் வேலையாக இருக்கும்போது யாரோ ஓடிவருவது ஓரக்கண்ணில் பட்டது. திரும்பிப் பார்த்தால் ஏழுமலை. முந்தின நாள்தான் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலில் ரப்பர் செருப்பு. ஓடிவந்த வேகத்தில் நேரே உள்ளே நுழைந்துவிடுவான் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மஞ்சள் கோட்டுக்கு வெளியிலேயே காலை ஊன்றி நின்றுவிட்டான்.

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி, என்னையே மிஞ்சும் குரலில் அங்கிருந்தே கத்தினான்:

"பொண்ணு சார்! ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க! செருப்பு போடுங்க சார்!"